புட்டியில் எழுதிய பூவும் தேனில் உள்ள பூவும்: நீலகிரித் தேனை எப்படிச் சோதிப்பது?

குன்னூரில் வாங்கிய மூன்று புட்டித் தேனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றில் குறிஞ்சித் தேன் என்றும், அடுத்ததில் தைலமரத் தேன் என்றும், மூன்றாவதில் நாவல் தேன் என்றும் எழுதியிருக்கிறது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தீர்கள். மூன்றுமே கரையாமல் அடியில் போய் நின்றன. அதனால் மூன்றும் சுத்தமான தேன் என்று நம்பலாமா, உண்மையிலேயே அந்தந்தப் பூவின் தேன்தானா என்று அறிவியல்படி எப்படி உறுதி செய்வது என்பது உங்கள் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. புட்டியில் இருப்பது தேனா, பாகா என்பது ஒன்று. தேன் என்றால் எந்தப் பூவின் தேன் என்பது வேறு. முதல் கேள்விக்கான சோதனை இரண்டாவதற்குப் பதில் சொல்லாது. தண்ணீர்ச் சோதனையோ இரண்டுக்குமே பதில் சொல்லாது. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அப்படியே அடியில் போய்த்தான் நிற்கும். திரியில் தோய்த்துக் கொளுத்துவது தேனில் உள்ள ஈரத்தைத்தான் காட்டும். எறும்பு வருகிறதா, காகிதத்தில் ஊறுகிறதா, நாய் நக்குகிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். உறைந்து போவதும் கலப்படத்துக்கு அடையாளம் இல்லை. குளுக்கோஸ் அதிகமுள்ள நல்ல தேன் ஊட்டிக் குளிரில் தானாகவே உறையும்.

பூவைக் கண்டுபிடிக்கும் வழிகளில் பழையது, இன்றும் அடிப்படையாக இருப்பது, மகரந்தச் சோதனை. பூவில் தேன் குடிக்கப் போகும் தேனீயின் உடம்பில் மகரந்தம் ஒட்டுகிறது. கொஞ்சம் தேனோடு சேர்ந்து வயிற்றுக்குள்ளும் போகிறது. கூட்டில் கக்கும்போது தேனில் தங்கிவிடுகிறது. தாவரத்துக்குத் தாவரம் மகரந்த மணியின் வடிவம் பெரும்பாலும் மாறும். அதை வைத்துத் தேன் வந்த இடத்தைச் சொல்ல முடியும் என்பதை 1895-இல் சுவிட்சர்லாந்தில் பிஃபிஸ்டர் என்பவர் காட்டினார். இன்று உலகம் முழுக்கப் பின்பற்றும் செய்முறை, சர்வதேசத் தேனீத் தாவரவியல் ஆணையத்துக்காக லூவோ, மௌரிட்சியோ, ஃபோர்வோல் ஆகிய மூவரும் எழுதி 1978-இல் திருத்தி வெளியிட்டது.

செய்வது எளிது, பார்ப்பதுதான் கடினம். 10 கிராம் தேனை எடுத்து 20 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்க வேண்டும். சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. கரைசலைச் சென்ட்ரிஃப்யூஜில் போட்டுப் பத்து நிமிடம் சுழற்றினால், குழாயின் அடியில் மஞ்சளும் பழுப்புமாக, நகக்கண் அழுக்கு அளவுக்கு ஒரு வண்டல் படியும். 10 கிராம் தேனின் பூக்கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. மேலே உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, சர்க்கரை போக இன்னொரு முறை கழுவி, வண்டலைக் கண்ணாடி ஸ்லைடில் பரப்பி உலர வைத்து, கிளிசரின் ஜெல்லி விட்டு மூடுவோம். ஜெல்லியில் கொஞ்சம் ஃபுக்சின் சாயம் கலந்தால் மணிகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது, சூரியகாந்திக் குடும்பத்து மணிகள் முள்ளுருண்டைகளாகக் கிடக்கும். ரோடோடெண்ட்ரான் மணிகள் நாலு நாலாக ஒட்டியிருக்கும். வாட்டில் எனப்படும் சீகை மரத்து மகரந்தம் பதினாறு அறைகள் சேர்ந்த தட்டையான பந்துபோல இருக்கும். நாவலும் தைலமரமும் சின்னச் சின்ன முக்கோணங்கள்.

பிறகு எண்ண வேண்டும். குறைந்தது இருநூறு, முந்நூறு மணிகள்; சதவீதத்தை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ஐந்நூறுக்கு மேல். ஒரே தாவரத்தின் மணி 45 சதவீதத்தைத் தாண்டினால் அது முதன்மை மகரந்தம். 16 முதல் 45 வரை இரண்டாம் நிலை, 3 முதல் 15 வரை சிறுபான்மை, அதற்கும் கீழே இருப்பது போகிற போக்கில் வந்தது. முதன்மை மகரந்தம் எதுவோ அந்தப் பூவின் பெயரைத் தேனுக்கு வைப்பது பொது வழக்கம்.

பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 45 சதவீதம் வந்துவிட்டது, பெயர் எழுதிவிடலாம் என்று. நீலகிரி மாதிரி ஒரு மலையில் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறில்தான் முடியும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம், எல்லாப் பூவும் ஒரே அளவில் மகரந்தம் தருவதில்லை. தைலமரப் பூவில் கேசரங்கள் கொத்துக் கொத்தாக இருக்கும், மணியும் சிறியது. தேனில் அதன் பங்கைவிட மகரந்தத்தில் அதன் பங்கு பெரிதாகத் தெரியும். அதனால்தான் தைலமரத் தேன் என்று எழுத 70 சதவீதத்துக்கு மேல் கேட்கும் நாடுகள் இருக்கின்றன. ஐரோப்பாவின் செஸ்ட்நட் தேனுக்கு 85-க்கும் மேல் வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளில் இது தலைகீழ். 10, 20 சதவீதம் வந்தாலே அந்தப் பூவின் தேன் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, தேனீயின் தேன்பைக்கும் குடலுக்கும் நடுவில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கூட்டுக்குப் பறந்து வரும் நேரத்துக்குள் பெரிய மணிகளை அது சீக்கிரம் பிரித்து எடுத்துவிடும். சிறிய மணிகள் தப்பித் தேனோடு வந்துவிடும். குறிஞ்சி இனத்துச் செடிகளின் மகரந்தம் நாவல் மணியைவிடப் பல மடங்கு பெரியது. அப்படியென்றால், மலைச்சரிவு முழுக்க நீலமாகப் பூத்துக் கிடக்கும்போது எடுத்த அசல் குறிஞ்சித் தேனிலும் குறிஞ்சி மணிகள் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. சதவீதத்தை மட்டும் பார்க்கும் ஆள் அந்தத் தேனுக்கு வேறு பெயர் எழுதிவிடுவார்.

மூன்றாவது, சீகை. ஊட்டியைச் சுற்றி மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் இந்த ஆஸ்திரேலிய மரத்தின் பூவில் தேன் சுரப்பதில்லை. தேனீ அங்கே போவது மகரந்தத்துக்காக, புழுக்களுக்குத் தீனியாக. ஆனாலும் அதன் பந்துகள் தேனில் ஏராளமாகக் கிடக்கும். தேன் தராத பூவைக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவிட்டுத்தான் மீதியைச் சதவீதமாக்க வேண்டும். இதைச் செய்ய எண்ணுகிறவருக்கு இந்த மலையின் மரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நாலாவது, தேனை எடுக்கும் முறை. பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயின் அடையை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் தேன் மட்டும் வெளியே வரும். பாறைத் தேனை அப்படி எடுப்பதில்லை. குறும்பரும் இருளரும் கயிற்றில் இறங்கி அறுக்கும் மலைத்தேனீயின் பெரிய அடையில் தேன் ஒரு பக்கமும், சேமித்த மகரந்தமும் புழுக்களும் இன்னொரு பக்கமுமாக இருக்கும். தேன் பகுதியை மட்டும் கவனமாக அறுத்துத் தானாக வடிய விட்டால் நல்லது. கையால் பிழிந்தால் சேமித்த மகரந்தமும் சேர்ந்து வந்துவிடும். 10 கிராம் தேனில் மொத்தம் எத்தனை மணிகள் என்று எண்ணினால் இது தெரிந்துவிடும். பெரும்பாலான சாதாரணத் தேன்களில் 20,000 முதல் 1,00,000 வரை இருக்கும். பத்து லட்சத்தைத் தாண்டினால் அது பிழிந்த தேன் என்று பொருள். அந்தத் தேனில் உள்ள மகரந்தம், தேனீ எதைத் தின்னச் சேர்த்தது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லும். எதைக் குடித்தது என்பதைச் சொல்லாது. இதனால் அந்தத் தேன் மட்டமானது ஆகிவிடாது. ஒற்றைப் பூவின் பெயரை அதற்கு ஒட்ட முடியாது, அவ்வளவுதான்.

நான் செய்த ஒரு தவறைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். சில வருடங்களுக்கு முன் கோத்தகிரிக்குக் கீழே ஒரு குறும்பர் ஊரிலிருந்து வைகாசியில் எடுத்த மலைத்தேன் வந்தது. கருத்த தேன், நாக்கின் ஓரத்தில் லேசான கசப்பு. ஸ்லைடு போட்டு முந்நூறு மணிகள் எண்ணினேன். பாதிக்கு மேல் சின்ன முக்கோணங்கள். தைலமரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தேன் எடுத்த பெரியவரிடம் அதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தைலமரம் அங்க எங்க சார் இருக்கு? அந்தப் பள்ளம் முழுக்க நாவல். வாயில வெச்சுப் பாத்தீங்களா? கசக்குதுல்ல?" என்றார்.

மறுநாள் அவரோடு இறங்கிப் போனேன். பள்ளம் நெடுக நாவல்தான். மொட்டும் பூவுமாக ஒரு கொத்தை ஒடித்துக் கொடுத்தார். அதன் கேசரத்தை உதறி ஒரு ஸ்லைடும், மேலே ரோட்டோரத்துத் தைலமரப் பூவிலிருந்து இன்னொரு ஸ்லைடும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே குடும்பம், மிர்ட்டேசியே. இரண்டும் முக்கோணம். ஆனால் நாவல் மணி தெளிவாகவே சிறியது. அளவுகோலை வைத்து அளந்தபோது தேனில் இருந்தவை நாவல் பக்கம்தான் நின்றன. நான் எண்ணியது சரி, பெயர்தான் தவறு. ஒப்பிட்டுப் பார்க்க இந்த மலையின் பூக்களிலிருந்து போட்ட ஸ்லைடுகள் அன்று என்னிடம் இல்லை. தவுட்டுப்பழச் செடியும் இதே குடும்பம் என்பதால் அதற்கும் அப்புறம் ஒரு ஸ்லைடு சேர்த்தேன். எவ்வளவு விலையுயர்ந்த மைக்ராஸ்கோப் வைத்திருந்தாலும், உள்ளூர்ப் பூக்களின் ஸ்லைடுத் தொகுப்பு இல்லாத ஆய்வகம் சோலைக் காட்டுத் தேனுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது அன்று முதல் என் உறுதியான கருத்து.

இதே சிக்கல் நியூசிலாந்துக்கும் வந்தது. அங்கே மானுகா என்ற செடியின் தேனுக்குப் பெரிய விலை. மானுகாவும் அதன் பக்கத்துச் சொந்தமான கானுகாவும் அதே மிர்ட்டேசியே குடும்பம். மகரந்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியவில்லை. கடைசியில் அந்த நாட்டு அரசு, தேனில் இருக்க வேண்டிய நாலு வேதிப்பொருள்களையும், மானுகா மகரந்தத்தின் ஒரு டிஎன்ஏ அடையாளத்தையும் சேர்த்து ஐந்து சோதனைகளாக 2018-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐந்தும் தேறினால்தான் மானுகா என்று ஏற்றுமதி செய்யலாம். ஒரே ஒரு பூவுக்கு இத்தனை பாடு. நாவல், தைலம், தவுட்டு மூன்றும் ஒரே சரிவில் நிற்கும் நம் மலைக்கு அந்த வழிதான் பொருந்தும்.

அதாவது, மகரந்தம் சொல்வதை வேதியியலோடு ஒத்துப் பார்ப்பது. பூந்தேனோடு அந்தச் செடிக்கே உரிய சில பொருள்களும் வருகின்றன. ஆரஞ்சு வகைத் தேனில் மெத்தில் ஆந்த்ரனிலேட் இருக்கும். அந்தப் பூவின் வாசனையே அதுதான். காபிப் பூவின் தேனில் கஃபீன் இருக்கும். கூடலூர்ப் பக்கம் காபித் தேன் என்று விற்பதைச் சோதிக்க இது நல்ல வழி, ஏனென்றால் பூ மழை எனப்படும் கோடை மழை பெய்து காபி பூத்தால் இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அந்தச் சில நாள் தேனை வேறு பூக்களின் தேன் எளிதில் மூடிவிடும். தைலமரத் தேனில் மிரிசெட்டின், ட்ரைசெட்டின் போன்ற ஃபிளாவனாய்டுகளை, அதாவது செடிகளில் உண்டாகும் ஒரு வகை வேதிப்பொருள்களை, தேடுவார்கள். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரித் தைலத்தின் வாசனை இலையில் உள்ள எண்ணெயின் வாசனை. பூவின் தேனுக்கு அந்த வாசனை வர வேண்டியதில்லை. புட்டியைத் திறந்ததும் மூக்கடைப்புத் தைலம் மாதிரி அடித்தால், யாரோ எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

மின்கடத்து திறன் என்று இன்னொரு எளிய அளவு உண்டு. தேனில் உள்ள தாதுக்களையும் அமிலங்களையும் அது காட்டும். பூந்தேன் பொதுவாக சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர விதி. செடிப்பேன் சுரக்கும் பனித்தேன் அதைத் தாண்டும். தைலமரத்துக்கு அந்த விதியிலேயே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். எனவே இந்த அளவை மட்டும் வைத்துத் தைலமரத் தேனை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

டிஎன்ஏ சோதனையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தேனின் வண்டலில் உள்ள மகரந்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, ஆர்பிசிஎல், ஐடிஎஸ்2 போன்ற துண்டுகளைப் பெருக்கிப் படித்து, தரவுத்தளத்தில் உள்ள தாவரங்களோடு ஒப்பிடுவார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் மணிகளைப் பிரிக்க இது பெரிய உதவி. எந்தெந்தத் தாவரம் என்பதை நன்றாகச் சொல்லும். எவ்வளவு என்பதை அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லாது, ஏனென்றால் எல்லாத் தாவரத்தின் டிஎன்ஏவும் ஒரே அளவில் பெருகுவதில்லை. தேனே தராத, காற்றில் பறந்து வந்து விழுந்த புல்லின் மகரந்தமும் பட்டியலில் வரும். தரவுத்தளத்தில் இல்லாத சோலை மரம் வராது, அல்லது அதற்கு நெருங்கிய உறவான வேறு தாவரத்தின் பெயரில் வரும்.

கலப்படத்தைப் பற்றிச் சுருக்கமாக. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனை, உறிஞ்சும் விதமே வேறு; தேன் தரும் பூக்கள் ஏறக்குறைய எல்லாமே மற்ற விதத்தைச் சேர்ந்தவை. அதனால் கரியின் கனமான வகை அணுவின் (ஐசோடோப்பு) அளவை வைத்துக் கரும்புப் பாகைக் கண்டுபிடிக்கலாம். அந்தப் பாகின் பங்கு 7 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கலப்படம். நெல்லும் பூக்களும் ஒரே விதம் என்பதால் அரிசிப் பாகு இந்தச் சோதனையில் தப்பிவிடும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளை ஜெர்மனியில் என்எம்ஆர் என்ற அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனைக்கு அனுப்பியபோது 10 தேறவில்லை என்று அறிவித்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன. என்எம்ஆர் பூவையும் ஓரளவு காட்டும், ஆனால் ஒப்பிடும் தொகுப்பில் அந்தத் தேன் இருந்தால்தான்.

இனி உங்கள் மூன்று புட்டிகள்.

குறிஞ்சித் தேன் என்றால் முதலில் எந்த வருடத்துத் தேன் என்று கேளுங்கள். மலையை நீலமாக்கும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அங்கங்கே சில செடிகள் முன்பின்னாகப் பூக்கும். அதை வைத்துப் புட்டி புட்டியாகத் தேன் எடுக்க முடியாது. இந்த இனத்தில் வேறு பல செடிகள் வேறு வேறு இடைவெளியில் பூக்கின்றன. அவற்றின் தேனாக இருக்கலாம். அப்படியானால் எந்தக் குறிஞ்சி, எந்தச் சரிவு என்று எடுத்தவருக்குத் தெரிந்திருக்கும். சங்கப் புலவர்களே பாடிய பெயர் இது. அதைக் கண்ட புட்டியிலெல்லாம் ஒட்டி விற்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

தைலமரத் தேன் நம்பக்கூடியதே. 1843-இல் இந்த மலைக்கு வந்த மரம். இன்று எங்கும் நிற்கிறது. மகரந்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அதன் மணிகள், கூடவே மிரிசெட்டின், ட்ரைசெட்டின் இரண்டும் வந்தால் பெயர் சரி. சூரியகாந்தி மணிகள் குவியலாகக் கிடந்தால் அந்தத் தேன் சமவெளியிலிருந்து ஏறி வந்தது. மணிகளே அரிதாக இருந்தால் இரண்டு வாய்ப்பு: மிக நுண்ணிய வடிகட்டியில் மகரந்தத்தை எடுத்துவிட்டார்கள், அல்லது அது குமரி மாவட்டத்து ரப்பர் தேன். ரப்பர் மரத்தில் தேன் சுரப்பது பூவில் இல்லை, தளிர் இலைக் காம்பில். அதனால் நல்ல தேனாக இருந்தும் அதில் ரப்பர் மகரந்தத்தைத் தேடிப் பயனில்லை.

நாவல் தேன் கசந்தால் நல்ல அறிகுறி, ஆனால் சாட்சியம் ஆகாது. அதற்கு உள்ளூர் ஸ்லைடுகளோடு மகரந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். மலைத்தேனீ கிலோமீட்டர் கணக்கில் பறந்து மேயும். பாறையில் ஓர் அடை நிறைய நாவல் தேன் மட்டுமே இருப்பது, மரங்கள் நெருங்கி ஒரே சமயத்தில் பூக்கும் பள்ளங்களில்தான் நடக்கும். மற்ற இடத்துத் தேன் பல பூவின் தேன். அதைக் காட்டுத் தேன் என்றே எழுதலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

சோதனைக்கு அனுப்புவதானால், புனேயில் 1962 முதல் இயங்கும் மத்திய தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குஜராத்தின் ஆனந்தில் தேசியப் பால்வள வாரியத்தின் தேன் ஆய்வகம் இருக்கிறது. பூவின் அடையாளம் வேண்டும் என்று தனியாக எழுதிக் கேளுங்கள். வெறுமனே தேன் சோதனை என்றால் கலப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். எந்தத் தேனீ, எந்த ஊர்ச் சரிவு, எந்த மாதம், பிழிந்ததா வடித்ததா என்ற நாலையும் விற்றவரிடம் கேட்டு மாதிரியோடு சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் முன் புட்டியைச் சூடாக்காதீர்கள், வடிகட்டாதீர்கள். மேலே தெளிந்த தேனை மட்டும் ஊற்றாமல், அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள். மணிகள் நாள்பட மேலே மிதந்தோ அடியில் தங்கியோ இருக்கும். உறைந்திருந்தால் வெயிலில் வைக்காமல், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் புட்டியை நிறுத்தி, இளகிய பிறகு கலக்குங்கள்.